குண்டு, மருந்து, மரை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஆற்றிய உரை)



ஒர்க்‌ஷாப் வகுப்பில் விட்வொர்த் மரை படித்திருப்பீர்கள். கோணம் 55 டிகிரி. பரீட்சைக்கு எழுதிட்டு மறந்திருப்போம். அந்த விட்வொர்த் ஒரு துப்பாக்கியும் செய்தார். இன்னைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போறேன்.

ஜோசப் விட்வொர்த் மான்செஸ்டர்காரர். திருகு மரைக்கெல்லாம் ஒரே அளவுமுறை வேண்டும் என்று 1841-ல் சொன்னவர். 1854-ல் என்ஃபீல்டு துப்பாக்கி தயாரிக்க இயந்திரம் செய்து தரும்படி பிரிட்டிஷ் அரசு அவரைக் கேட்டது. வேறொருவர் என்றால் ஆர்டரை வாங்கிப் பையில் போட்டிருப்பார். இவரோ, குண்டு ஏன் நேராகப் போகிறது, ஏன் விலகுகிறது என்பது தெரியாமல் இயந்திரம் செய்து என்ன பயன் என்று கருதினார். தன் வீட்டு நிலத்திலேயே 500 கஜ நீளத்துக்குக் கூடம் கட்டிச் சுட்டுப் பார்த்தார்.

என்ஃபீல்டு நமக்குத் தெரிந்த துப்பாக்கிதான். 1857-ல் சிப்பாய்கள் தொட மறுத்த கொழுப்புத் தோட்டா அதற்கானதே. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும்.

அதே 1857-ல் இரண்டையும் போட்டிக்கு வைத்தார்கள். இரண்டிலும் குண்டு ஏறத்தாழ 530 கிரெயின், மருந்து ஏறத்தாழ 70 கிரெயின். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் சுமார் 27 அங்குலம். விட்வொர்த்துக்கு நாலரை அங்குலம்! எடை ஒன்று, மருந்து ஒன்று. அப்புறம் எப்படி?

என்ஃபீல்டு குழல் விட்டம் 0.577 அங்குலம், விட்வொர்த் 0.451. அதே ஈயம் ஒல்லியாக, நீளமாக ஆனது. காற்றின் தடை குறைந்தது. ஆனால் நீளக் குண்டு வேகமாகச் சுழலாவிட்டால் குட்டிக்கரணம் போடும். என்ஃபீல்டு மரை 78 அங்குலத்தில் ஒரு சுற்று. இவர் 20 அங்குலத்தில் ஒரு சுற்று வைத்தார். அவ்வளவு இறுக்கமான மரையில் ஈயம் வழுக்கிவிடக் கூடாதே என்று குழலையே அறுகோணமாக்கினார். பாருங்க, ஒன்றைத் தொட்டால் அடுத்ததையும் தொட வேண்டியிருக்கு.

ஆனாலும் ராணுவம் இதைப் பொதுவாக ஏற்கவில்லை. விலை அதிகம், கரியும் சீக்கிரம் அடைத்தது. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகத் தங்கும். அடுத்த குண்டு இறங்காது. இலக்குச் சுடுவோர் ஒவ்வொரு வெடிக்கும் குழலைத் துடைத்தார்கள். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே தக்கை வைத்தார்கள். பிறகு மெட்ஃபோர்டு என்ற பொறியாளர் ஆழமில்லாத மரையையும் கடினமாக்கிய ஈயக் குண்டையும் சேர்த்துக் கசடுத் தொல்லையைக் குறைத்தார். 1874-ல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் 800, 900, 1000 கஜப் போட்டி. வாய்வழி கெட்டிக்கும் ரிக்பி துப்பாக்கியோடு வந்த அயர்லாந்து அணி 931 புள்ளி. பின்வழி கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருந்த அமெரிக்கர் 934. மூன்றே புள்ளி!

இன்றும் இத்தகைய துப்பாக்கியைப் பொழுதுபோக்காகச் சுடுபவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள். மருந்தை மாற்றினால் குண்டு, கொழுப்பு, துடைக்கும் முறை அப்படியே இருக்கும். நாலைந்து தடவை சுட்டு, அளந்து, எழுதி வைத்த பிறகே அடுத்த மாற்றம். மருந்தைக் கூட்டினால் தூரம் போகும் என்று நினைப்பவருக்குக் குறி சிதறும். புகையில்லா மருந்தைப் போட்டாலோ குழலே வெடிக்கும்.

தம்பி, தங்கைகளே, வேலைக்குப் போனதும் "இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடு" என்று சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். முதலில் அளந்து பாருங்க. விட்வொர்த் தன் பணத்தில் 1868-ல் பொறியியல் மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். அது இன்றும் நடக்கிறது. நம் சங்கமும் அதை யோசிக்கலாம் என்று கேட்டு அமர்கிறேன்.