பள்ளி இசை நாடகமும் ஒத்திகை முறையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டு விழாவில் இசை நாடகம் ஒன்று நடத்துவதானால், அதற்குரிய ஒத்திகைகளை எவ்வாறு வகுத்துக் கொள்ளல் வேண்டும் என்பதே இன்று எனக்கு இடப்பெற்ற விஷயம். இஃது உபாத்தியாயர்களுக்கு மட்டும் உரிய காரியமென்று சிலர் எண்ணலாம். நாடகமோ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒத்திகையோ பல வாரங்கள் நம் குழந்தைகளின் மாலைப் பொழுதை ஆள்வது. ஆதலின் பெற்றோராகிய நாமும் இதனைச் சிந்தித்தல் அவசியமாகும்.

நம் நாட்டில் ஒத்திகைக்கு இருவகை மரபுகள் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், சிறுவர்கள் கம்பெனியிலேயே உண்டு உறங்கிப் பாடம் பண்ணினார்கள். அவர்களுக்கு நாடகமே முழுநேரத் தொழில். பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர்களோடு சென்னையில் 1891ஆம் ஆண்டில் நிறுவிய சுகுண விலாச சபையினரோ, வேறு அலுவல்களைப் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் நடித்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளின் நிலை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இவர்களுக்குப் படிப்பே முதன்மை; எஞ்சிய நேரமே நாடகத்திற்கு. அந்தச் சிறு நேரத்தை வீணாக்காமல் செலவிடுவதே திட்டத்தின் நோக்கம்.

முதலாவது, காலக்கணக்கை விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிவருதல் வேண்டும். விழா ஜனவரி மாதக் கடைசியில் என்று கொள்வோம். காலாண்டு விடுமுறை கழிந்த அக்டோபரில் தொடங்கலாம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னும் தேர்வு நடக்கும் போதும் ஒத்திகை கூடாது. பொங்கல் விடுமுறையையும் கழித்தல் வேண்டும். பத்தாம் வகுப்பினர் பொதுத் தேர்வை எதிர்நோக்கி இருப்பதால், பெரிய வேஷங்களை எட்டு, ஒன்பதாம் வகுப்பினருக்குக் கொடுத்து, அவர்களுக்குச் சிறு பகுதிகளை அளிப்பது நலம்.

இரண்டாவது, இசை. முதல் மூன்று வாரம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டு மாத்திரமே பாடம் பண்ணுவிக்க வேண்டும். பாட்டு நாவில் நிலைக்கு முன் நடையும் அபிநயமும் சேர்த்தால் மூன்றும் கெடும். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் பிள்ளைகளுக்கு மகரக்கட்டு நேரும். அக்டோபரில் கணீரென்று பாடிய பையன் ஜனவரியில் மேல் ஸ்தாயியை எட்ட இயலாமற் போகலாம். அது அவன் குற்றமன்று. அவனைக் கடிந்து உரத்துப் பாடச் சொன்னால் தொண்டை கெடும். சுருதியைத் தாழ்த்தியோ, அவன் பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டியோ காரியத்தை நடத்துதல் வேண்டும். முக்கிய பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் மாற்றுப் பிள்ளை ஒருவரையும் முதலிலிருந்தே பயிற்றுவித்தல் நன்று. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் கடைசி நாளில் மட்டும் வந்தால் போதாது; காட்சிகள் ஒன்று சேரும் வாரத்திலிருந்தே உடனிருக்க வேண்டும்.

மூன்றாவது, அட்டவணை. முப்பது பிள்ளைகளை ஒன்றரை மணி நேரம் இருத்தி, பத்துப் பேருக்கு மட்டும் வேலை கொடுத்தால், மற்ற இருபது பேரின் பொழுதில் நாளொன்றுக்கு முப்பது மணி நேரம் பாழாகின்றது. அன்றைய காட்சிக்கு உரியவரை மட்டுமே அழைத்து, அவர் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒரு வாரம் முன்னரே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எல்லோரும் கூடும் ஒத்திகையைச் சனிக்கிழமைக் காலையில் வைத்துக் கொள்ளலாம்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஒன்று. ஒத்திகை மாலை ஆறு மணிக்குத் தொடங்குமானால், பள்ளிக்கு அருகில் வீடுள்ள பிள்ளைகளே அதில் நிலைப்பார்கள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் பிள்ளை, எவ்வளவு இனிய குரலுடையவளாயினும், கடைசி பஸ்ஸுக்கு அஞ்சி விலகிவிடுவாள். அல்லது கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பாள். அவளுக்குத் திறமை இல்லையென்று யாரும் சொல்லவில்லை. கடிகாரமே அவளை விலக்கிவிட்டது. ஆதலால் முதலில் குரலும் ஆர்வமும் பார்த்து வேஷம் கொடுத்து, அதன் பின்னரே அவரவர் வசதிக்கேற்ப நேரத்தைக் குறித்தல் முறை. தொலைவிலுள்ளோர் வரும் காட்சிகளைப் பள்ளி விட்டவுடன் முதலில் நடத்தி அனுப்பிவிடலாம். பாட்டைக் கைப்பேசியில் பதிந்து கொடுத்தால் வீட்டிலும் பழகுவார்கள்.

கடைசி வாரத்தில் உடை ஒத்திகை இரண்டு போதும். அதில் ஒன்றேனும் விழா மேடையிலேயே, ஒலிபெருக்கியோடு நடைபெறுதல் வேண்டும். விழாவுக்கு முந்திய நாள் குரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

பெற்றோர்களாகிய உங்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே. அட்டவணை வீட்டுக்கு வந்தால் அன்றே பார்த்து, இயலாத நாளை ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். வாகனம் உடையவர்கள், நேரம் பிந்தும் நாளில் அயலூர்ப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்று வீடு சேர்க்க முன்வாருங்கள். அவ்விதம் நாலைந்து குடும்பங்கள் இசைந்தால், வாயில்லாக் கூட்டத்தில் நிற்க இருந்த பெண் ஒருத்தி மேடையின் நடுவில் நின்று பாடுவாள்.