மொட்டை மாடிக்கு வரும் ரயில்

2019 ஜூலை 12 நினைவிருக்கிறதா? ஜோலார்பேட்டையில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை நிரப்பிக்கொண்டு புறப்பட்ட ரயில், ஆவடி, அம்பத்தூர் வழியாகச் சென்னை வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த கோடை அது. புழல் ஏரிக்கு மேற்கே குடியிருக்கும் வெள்ளானூர்க்காரர்கள் அந்தக் கோடையை எப்படி மறப்போம்?

முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உண்மைதான். ஆனால் நாம் பாலைவனத்தில் வாழவில்லையே! நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் பெய்வது நம் மழையில் ஏறத்தாழக் கால் பங்கு. அந்த ஊர் 1968 முதல் கழிவுநீரையே சுத்திகரித்துக் குடிநீராக்கிக் குடிக்கிறது. இங்கும் கோயம்பேட்டில் சுத்திகரித்த கழிவுநீர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. நல்ல தொடக்கம். ஆனால் நம் வீட்டுக்கு மேலேயே வந்து விழும் தண்ணீரை என்ன செய்கிறோம்?

சென்னையில் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் அது 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். சிதறுவதும் ஆவியாவதும் போக ஒரு லட்சம் என்றே வையுங்கள். இருபத்தைந்து வீடு சேர்ந்தால் அந்த ரயில் சுமந்து வந்த தண்ணீர். ஒரே ஒரு தெரு!

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பலரும் குழி எடுத்தோம், குழாய் பொருத்தினோம். அதன் பிறகு எத்தனை பேர் அந்த மூடியைத் திறந்தோம்? எங்கள் வீட்டுக் குழியைச் சென்ற ஆண்டு திறந்தபோது ஜல்லி தெரியவில்லை. சேறும் இலைச்சருகும் இறுகிப்போயிருந்தன. அத்தனை வருட மழையும் தெருவில் ஓடியிருக்கிறது. போர்வெல் தண்ணீர் இறங்குகிறதே என்று ஆழப்படுத்தவும், லாரித் தண்ணீருக்கும் செலவழித்துக்கொண்டிருந்தோம். அதை நினைக்க எனக்கு இன்னமும் வலிக்கிறது.

அக்டோபர் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மாடியைக் கூட்டுங்கள். குழியிலுள்ள கூழாங்கல்லையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவி, மணலை மாற்றுங்கள். முதல் மழையில் மாடி அழுக்கு போகட்டும். அதைக் குழிக்குள் விடாதீர்கள். இரண்டாம் மழைக்குக் குழாயைத் திருப்பிவிடுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுக் கதவையும் அன்றே தட்டுங்கள்.