நூலகத்தில் இருக்க வேண்டிய அரசாணை



கல்வி என்றதும் நாம் பாடநூலையே நினைக்கிறோம். அரசு வெளியிடும் ஆணையும் அறிக்கையும் பதிவேடும் நாம் கற்க வேண்டிய ஏடுகளே என்பது குறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

1891 ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்கீர், நம் மக்களின் அவலநிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 ஆம் நாள் வருவாய்த் துறையின் 1010 ஆம் எண் ஆணை பிறந்தது. ஒப்படைக்கப்படும் நிலத்தைப் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இதனையே. ஆனால் ஆணையோ ஆங்கிலத்தில் இருந்தது; அலுவலகப் பெட்டியில் இருந்தது. யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களின் சேரியில் அது இல்லை. நிலம் கைமாறியபோது, இது செல்லாது என்று எடுத்துக்காட்ட அவர்களிடம் ஒரு தாள் இல்லை!

1994 இல் செங்கற்பட்டை அடுத்த காரணையில் நிலமீட்புப் போராட்டம் எழுந்தது. அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். அவர்கள் கேட்டது புதிய சலுகையன்று. நூறாண்டுக்கு முன் அரசே எழுதிக்கொடுத்தது.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. இன்றைய பட்டாவைக் கணினியில் காணலாம். அந்நிலம் முன்னர் எவ்வகையில் குறிக்கப்பட்டிருந்தது என்பதற்குப் பழைய பதிவேட்டைத்தான் தேட வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கறையான் தின்றால் பிறந்த நாளுக்குச் சான்று கேட்டு வருவோர் படும் பாட்டை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம்.

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948 இல் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வெளியீடுகளும் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அலுவலகப் பயனுக்கு மட்டும் உரியவை விலக்கு. அந்த ‘மட்டும்’ என்பதற்குள் எத்தனை ஏடுகள் ஒளிந்துகொள்கின்றனவோ! கன்னிமாராவோ, பழைய அரசாணைகளைக் காக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகமோ, அஸ்தம்பட்டியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. ஒரு நாள் கூலியை இழந்து அங்குச் செல்பவர் எத்தனை பேர்?

2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கவும், ஆவணங்களை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் வழி தருகிறது. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமும் இல்லை. முப்பது நாளில் விடை தர வேண்டும். ஆனால் ஒருவர் பெற்ற விடை அவர் வீட்டுப் பரணிலேயே கிடந்தால், அடுத்த தெருக்காரர் மீண்டும் பத்து ரூபாயோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தின் படிப்பகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குவோம். 1892 ஆணையின் படியும் அதன் தமிழாக்கமும் முதலில் இடம்பெறட்டும். கல்வி உதவித்தொகை, விடுதி, வீட்டுமனை பற்றிய ஆணைகளை ஆண்டு வாரியாகக் கட்டி வைப்போம். மேனிலை வகுப்பு மாணவர்கள் இக்கோடை விடுமுறையில் தத்தம் ஊர்ப் பதிவேட்டின் படிகளைக் கேட்டு விண்ணப்பம் எழுதட்டும். எழுதும் முறையை ஞாயிறுதோறும் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.