பெயர் தப்பானால் பாட்டு வராது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ரேடியோவுல வேலைன்னா நீதான் பேசுவியா?" என்று காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். நான் பேசுவதில்லை. எந்தப் பாட்டு எப்போது வரவேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நாளைய பட்டியலை மென்பொருள் இன்றைக்கே போட்டுவிடும். பாட்டு, விளம்பரம், ஜிங்கிள் எல்லாம் வரிசையாக ஓடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டூடியோவில் ஆளே இருக்க மாட்டார்கள்.

இங்கே படித்த கணக்குதான் இதில் எனக்குக் கைகொடுத்தது. ஒரு பிரிவில் 24 பாட்டு, மணிக்கு ஒன்று, வரிசை மாறாமல் ஓடுகிறது என்று வையுங்கள். காலை எட்டு மணிப் பாட்டு தினமும் எட்டு மணிக்கேதான் வரும். சாயங்காலம் கேட்பவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. ஒரு பாட்டைச் சேர்த்து 25 ஆக்கினால் தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் வித்தை. (வகுப்பில் இதை நடத்தியபோது நான் தூங்கினேன். சார் மன்னிக்கணும்.)

இன்னொன்று, இடைவெளி விதி. ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல் இருக்க இத்தனை நிமிஷ இடைவெளி என்று எழுதிவைப்போம். ஆனால் மென்பொருளுக்குக் காது கிடையாது. பெயர்க் கட்டத்தில் என்ன தட்டியிருக்கிறோமோ அதை மட்டும்தான் பார்க்கும்.

2020 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. மதியம் எஸ்.பி.பி. மறைந்த செய்தி வந்தது. அப்போது நான் இருந்த நிலையத்தில், ஓடிக்கொண்டிருந்த பட்டியலை நிறுத்தி, அவர் பாட்டை மட்டும் போடச் சொன்னார்கள். பெயரைத் தட்டினேன். நூற்றுக்கணக்கில் வரவேண்டியது நாற்பது சொச்சம்தான் வந்தது. ஒருவர் 'எஸ்.பி.பி.' என்று ஏற்றியிருந்தார், இன்னொருவர் 'பாலசுப்ரமணியம்', வேறொருவர் 'பாலு'. பல டூயட்டுகளில் பாடகியின் பெயர் மட்டும். பல வருஷமாகப் பல கைகள் செய்த வேலை. அதில் ஒன்று என் கை.

கிடைத்த நாற்பதைப் போடப்போனால் சிவப்பில் எச்சரிக்கை: ஒரே பாடகர், இடைவெளி இல்லை! தப்பாகப் பெயர் எழுதிய பாட்டுகள் மட்டும் தாராளமாக நுழைந்தன. விதியை எடுத்துவிட்டேன். நாலாவதாக ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது. அதன் 'மனநிலை' கட்டம் காலியாக இருந்திருக்கிறது. உடனே ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, இன்னிக்கா இதப் போடுவீங்க?" எனக்குப் பதில் வரவில்லை.

அன்று காப்பாற்றியது கம்ப்யூட்டர் அல்ல. எங்கள் மூத்த அறிவிப்பாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் பெயராகச் சொல்லிக்கொண்டே போனார், 'அடிமைப்பெண்' தொடங்கி. நான் தேடித் தேடிப் போட்டேன். விடிய விடிய ஓடியது.

பிறகு மூன்று மாதம் நூலகத்தைத் திருத்தினோம். பெயரைத் தட்டக்கூடாது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். டூயட் என்றால் இரண்டு பெயருக்கு இரண்டு கட்டம். படம், ஆண்டு, இசையமைப்பாளர், மனநிலை எதையும் காலியாக விட்டால் பாட்டே ஏறாது. முழுப் பாட்டையும் கேட்டுத்தான் குறிப்பு எழுத வேண்டும். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கியதுபோல் நமக்கும் ஒரு சமுதாய வானொலி வேண்டும் என்று மாணவர்கள் ஆசைப்படுகிறீர்கள். சந்தோஷம். எந்த மைக் வாங்கலாம் என்று கேட்டீர்கள். மைக் அப்புறம் வாங்கலாம், தம்பிகளா. முதலில் இரண்டு பேர் பாட்டுகளுக்குப் பெயர் எழுத வாருங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் வருகிறேன். மெஸ்ஸில் சாப்பாடு போட்டால் போதும்; அதே சாம்பாராக இருந்தாலும் பரவாயில்லை.