தெரியாததைத் தாங்காத மனம்



லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் 45 பேர். கணினித் திரையில் பாறை ஒன்று தெரியும். அதற்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்துவிட்டால் கையில் சுரீரென்று ஒரு மின்னதிர்ச்சி. அவர்களுடைய வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்துகொண்டே வந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தில் பதற்றம் உச்சத்தில் இருந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் ஆட்கள் அதிகம் தவித்தார்கள்.

லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. "என்னன்னு தெரிஞ்சிட்டாப் போதும்" என்பார்கள். கெட்ட சேதியைக்கூடத் தாங்கிவிடலாம், சேதி தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

அப்படித் தெரியாமல் கிடக்கும் இடத்தைப் பதற்றம் சும்மா விடாது. தானே ஒன்றை எழுதி நிரப்பிவிடும். இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. காதால் கேட்பது என்பதால் வானொலியில் சொல்லத் தோதானது. 1989இல் உளவியலாளர் ஆண்ட்ரூ மேத்யூஸும் அவருடைய சகாக்களும் சில ஆங்கிலச் சொற்களை ஒலிக்கவிட்டு, கேட்டதை எழுதச் சொன்னார்கள். 'டை' என்று ஒரு சொல். ஓர் எழுத்துக்கூட்டில் சாவு, இன்னோர் எழுத்துக்கூட்டில் சாயம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பதற்ற நோய் உள்ளவர்கள், மற்றவர்களைவிட அதிகமாக, பயமுறுத்தும் சொல்லையே எழுதினார்கள். அவர்கள் வேண்டுமென்று கெட்டதைத் தேர்ந்தெடுக்கவில்லை, காதில் விழுந்ததே அப்படித்தான். "சாயங்காலம் வந்து என்னைப் பாருங்க" என்று மேலதிகாரி சொன்னதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறதே, அதுவும் இந்த வகைதான்.

சரி, இவ்வளவு வேதனை தரும் பழக்கத்தை மனம் ஏன் விடுவதில்லை? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. கவலையின் ஆராய்ச்சியிலேயே ஆயுளைக் கழித்தவர் அமெரிக்காவின் தாமஸ் போர்கோவெக். கவலை பெரும்பாலும் காட்சியாக வருவதில்லை, உள்ளுக்குள் ஓயாத பேச்சாக வருகிறது என்றார் அவர். பயப்படும் விஷயத்தை முழுதாகக் கண்ணெதிரே பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேசிக்கொண்டே சுற்றிவந்தால் அந்த அடிப்பு கொஞ்சம் மட்டுப்படும். போதாததற்கு, ஏதோ வேலை செய்வதுபோலவும் இருக்கும்.

கூலியும் கிடைத்துவிடுகிறது. மகள் ராத்திரி பஸ்ஸில் கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். போன் ஸ்விட்ச் ஆஃப். அம்மா விடியும்வரை தூங்கவில்லை. காலையில் மகள், "சார்ஜ் இல்லம்மா" என்றபடி வந்து நிற்கிறாள். "நான் முழிச்சிருந்து சாமிய வேண்டிக்கிட்டு இருந்தேன், அதான் நல்லபடியா வந்து சேர்ந்த" என்கிறாள் அம்மா. அந்த அன்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று கவனியுங்கள். எப்படியும் நடந்திருக்காத விபத்தைத் தடுத்த பெருமை கவலைக்குப் போய்விட்டது. அடுத்த பயணத்துக்கும் அது உரிமையோடு வந்து உட்காரும்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முயன்றார்கள். தீராக் கவலை நோய் உள்ள 29 பேர், தங்கள் கவலைகளைப் பத்து நாள் எழுதி வைத்தார்கள். பிறகு எது பலித்தது என்று பார்த்தார்கள். சுமார் 91 விழுக்காடு பலிக்கவே இல்லை. சின்ன ஆய்வுதான், 2020இல் வெளியானது. ஆனாலும் எழுதி வைத்ததால்தான் இது தெரிந்தது. எழுதாத கவலை பொய்த்துப்போனதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

"எதையும் நினைக்காம இரு" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அது நடக்கிற காரியமில்லை. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று 1987இல் டேனியல் வெக்னர் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். கரடி வந்துகொண்டே இருந்தது. போர்கோவெக் குழு 1983இல் சொன்ன வழி வேறு. கவலைக்கென்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி ஒதுக்குங்கள். நடுவில் கவலை வந்தால் விரட்ட வேண்டாம், "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள். ஆறு மணி ஆகும்போது பாதிக் கவலைக்கு முகமே நினைவிருக்காது என்பது என் எண்ணம்.

தூக்கமும் வேலையும் மாதக்கணக்கில் கெட்டுக்கிடந்தால் இந்த அரைமணி போதாது. அப்போது மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் உதவி எண்ணையும் அழைக்கலாம். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. எண் 14416. குறித்துக்கொள்ளுங்கள், மறுபடி சொல்கிறேன்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.