இலை இருக்கும்போது மழை இல்லை

வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன் நான். மரங்களைப் பற்றிப் படித்தாலும் வரவு செலவுதான் கண்ணில் படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தியதரைக்கடல் நாடுகளில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடை வறண்டது. அங்குள்ள ஓக் மரங்களில் சில ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும். சில குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். தெற்கு பிரான்சு, இத்தாலி மலைச்சரிவுகளில் வளரும் குவெர்க்கஸ் பியூபெசன்ஸ் இரண்டாவது ரகம். அதன் சங்கடத்தைப் பாருங்கள். மழை கொட்டும் மாதங்களில் கிளையில் பச்சை இலை இல்லை. இலை இருக்கும் கோடையில் மழை இல்லை.

எப்படிச் சமாளிக்கிறது?

முதலில் சேமிப்பு. வேர்கள் பாறை இடுக்குகளில் ஆழமாக இறங்கி, குளிர்கால மழை விட்டுச்சென்ற ஈரத்தை எடுக்கின்றன. அடுத்தது, காலத்தில் சம்பாதிப்பது. வசந்தத்தில் துளிர்த்ததும், மண் ஈரமாக இருக்கும்போதே வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துக்கொள்கிறது. மூன்றாவது சிக்கனம். இலையின் நுண்துளைகள் வழியாகத்தான் நீர் ஆவியாகிப் போகிறது. வறட்சி ஏறினால், உச்சி வெயிலில் மரம் அவற்றை மூடிக்கொள்கிறது.

இங்கேதான் சிக்கல். உணவு தயாரிக்கத் தேவையான கரியமில வாயுவும் அதே துளை வழியாகத்தான் வரவேண்டும். செலவை நிறுத்தினால் வருமானமும் நிற்கிறது. அந்த நாட்களில் தண்டிலும் வேரிலும் போட்டுவைத்த மாவுச்சத்தை எடுத்துக் காலம் தள்ளுகிறது.

அதுவும் போதாத ஆண்டில் கடைசி வழி: ஆகஸ்டிலேயே இலையைக் காயவிட்டு உதிர்ப்பது. பார்ப்பவருக்கு மரம் பட்டுப்போனதாகத் தோன்றும். பல சமயம் அப்படியல்ல. நட்டம் தரும் கிளை அலுவலகங்களை மூடி, தலைமை அலுவலகத்தைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் எந்தச் சேமிப்புக்கும் எல்லை உண்டு. வறண்ட கோடைகள் அடுத்தடுத்து வந்தால், எடுத்ததைத் திரும்பப் போட அவகாசம் கிடைக்காது. பலவீனப்பட்ட மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் பிடிக்கும். இதை அறியத்தான் பிரான்சின் ஓட் ப்ரோவான்ஸ் வானாய்வக வளாகத்து ஓக் காட்டில் 2012-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். மரங்களுக்கு மேலே நகரும் கூரை அமைத்து, மழையில் ஒரு பகுதியைத் தடுத்து, மரம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். ஒரு கோடையை வைத்து மரத்தின் கணக்கை முடித்துவிடக் கூடாது. அடுத்த வசந்தத்தில் துளிர் வருகிறதா என்று பார்த்த பிறகே கோடாரியைத் தொட வேண்டும்.