மூணாம் நாள் பால் குடிக்காத குழந்தை

சொந்தத்துல கல்யாணம் பண்றதைப் பத்திப் போன எபிசோடுல பேசினோம். "அதெல்லாம் தாத்தா காலத்துக் கதை டாக்டர்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். இல்லைங்க. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக்கான எண் 28 சதவீதம். இந்திய சராசரி 11.

எனக்குச் சொந்த ஊர் தேசூர், ஆரணிப் பட்டு நெய்யற ஊர். அக்கா மகளைக் கட்டறது, மாமன் மகளைக் கட்டறது எல்லாம் அங்க சாதாரணம். சில வீடுகள்ல மெதுவா விசாரிச்சா, "மூத்தது பொறந்த அஞ்சாம் நாளே தவறிடுச்சு, அடுத்ததும் அப்படித்தான்"னு சொல்வாங்க. காரணம் கேட்டா தோஷம்பாங்க. அப்படிப் போன குழந்தைகள்ல சிலதுக்குப் பரம்பரை வளர்சிதைமாற்றக் கோளாறு இருந்திருக்கலாம்.

பேருதான் பெருசு, விஷயம் தறிக்காரங்களுக்கு உடனே புரியும். சாயம் போடறவர், பாவு ஓட்டறவர், நெய்யறவர்னு வேலை கைமாறிப் போகும். நடுவுல ஒருத்தர் வரலைன்னா அவருக்கு முன்னாடி நூல் மலையாக் குவியும், பின்னாடி தறி சும்மா நிக்கும். உடம்புல அந்த நடு ஆள்தான் என்சைம். அது இல்லைன்னா பால்ல இருக்கிற புரதமே நஞ்சாத் தேங்கி மூளையைத் தாக்கும்.

வயித்துக்குள்ள இருக்கிறவரை அந்தக் கழிவை அம்மா உடம்பு வாங்கிக்கும். அதனால பல குழந்தைகள் பொறக்கும்போது நல்லாத்தான் இருக்கும். ரெண்டு மூணு நாள் பால் குடிச்ச பிறகு மார்பைத் தொடாது, தூங்கிக்கிட்டே இருக்கும், வாந்தி, வேகமான மூச்சு, வலிப்பு. பார்க்கக் கிருமித்தொற்று மாதிரியே இருக்கும். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறது சரிதான், ஆனா அதோட நிறுத்தக்கூடாது. அன்னிக்கே சர்க்கரை, ரத்தத்தின் அமிலத்தன்மை, லாக்டேட், அம்மோனியா, சிறுநீர்ல கீட்டோன் எல்லாம் பார்க்கணும். அம்மோனியா சாம்பிள் ஐஸ்ல வெச்சு உடனே லேபுக்குப் போகணும். தாமதமானா எண் தானாவே ஏறிப் பொய் சொல்லும்.

மேப்பிள் சிரப் நோய்னு ஒண்ணு இருக்கு. மேப்பிள் சிரப்பை நம்மூர்ல யார் கண்டா? கருகின சர்க்கரை வாசனைன்னு வெச்சுக்கங்க. குழந்தையோட சிறுநீர்லயும் காதழுக்குலயும் அந்த வாசனை வரும். அதை முதல்ல கவனிக்கிறது துணி அலசற பாட்டியாத்தான் இருக்கும்.

முதல்கட்டமாச் சோதிக்க, குதிகால்ல குத்தின சில சொட்டு ரத்தத்தைத் தாள்ல காயவெச்சு அனுப்பலாம்; உறுதி பண்ண மேற்கொண்டு பரிசோதனை வேணும். தேசூர்க்காரங்களுக்கு வேலூர் சிஎம்சி இருக்கு, சென்னைல எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கு. ரிசல்ட் வர்றவரை பாலை நிறுத்தி குளுக்கோஸ் ஏத்தறது டாக்டர் எடுக்கற முடிவு. வீட்ல நீங்களா பாலை நிறுத்திடாதீங்க.

குழந்தையைக் காப்பாத்த முடியாத நிலை வந்தாலும் ரத்தம், சிறுநீர் சாம்பிளை எடுத்து வெக்கச் சொல்லிக் கேளுங்க. அந்த நேரத்துல கேட்கிறது கொடுமைதான், தெரியும். பெரும்பாலான இந்தக் கோளாறுகள் அடுத்த குழந்தைக்கும் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. எந்த மரபணுன்னு தெரிஞ்சிருந்தா அடுத்த கர்ப்பத்தோட மூணாம் மாசத்துலயே பரிசோதிச்சுப் பார்க்கலாம்.